தண்டவாளம் இருந்த இடத்தில் கடையும் வீடும்: ஷிமோகிதாசாவாவில் நடந்தது என்ன?

ரயில் பாதையை ஒட்டிய பழைய பகுதிகளைப் புதுப்பிக்கும்போது சிறு கடைக்காரர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வெளியேறாமல் இருக்க வழி உண்டா, டோக்கியோவின் ஷிமோகிதாசாவாவில் அது நடந்துவிட்டதாகச் சொல்வது உண்மைதானா, பாதை நிலத்தடியில் போகாமல் மேம்பாலத்தின் மேல் போனால் அதே முறை பொருந்துமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷிமோகிதாசாவாவில் பழைய வாடகைதாரர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. பெரிய முதல் இல்லாத புதியவர்கள் கடை வைப்பதற்கான இடம் மட்டும் அங்கே திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. அந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மரக் கட்டடங்களையும் செடிகொடிகளையும் புகழ்கிறார்கள். என் பார்வையில் அங்கே நடந்தவற்றுள் முக்கியமானது, கட்டடத்தின் வரைபடத்துக்கு முன்பே வாடகைத் தொகை முடிவு செய்யப்பட்டதுதான். அது ஏன் அங்கே முடிந்தது என்பதை விளக்க ஊரின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

ஷிமோகிதாசாவா, டோக்கியோவின் மேற்குப் பக்கத்தில் செதகாயா வட்டத்தில் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரின் மக்கள் மேற்கு நோக்கி நகர்ந்த காலத்தில், ஷிஞ்ஜுகுவிலிருந்து ஒடாவாரா வரை செல்லும் ஒடாக்யூ ரயில் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. 1933-இல் ஷிபுயாவிலிருந்து வரும் இனோகாஷிரா பாதை அதை இங்கே குறுக்கே கடந்தது. இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம் என்பதால் வயல்வெளியாக இருந்த ஊர் கடைத்தெருவாக மாறியது. 1945-இன் வான்வழித் தாக்குதல்களில் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்தபோது இந்தப் பகுதி பெரும்பாலும் தப்பியது. அதனால் மற்ற இடங்களைப் போல நேர்கோட்டில் அகன்ற சாலை போடும் வாய்ப்பு இங்கே வரவில்லை. வண்டி நுழைய முடியாத சந்துகள் அப்படியே நின்றுவிட்டன. போருக்குப் பின் நிலையத்தின் வடக்கு வாசலில் கள்ளச் சந்தை ஒன்று முளைத்து, பிறகு தகரக் கூரையுடன் கூடிய உணவுப் பொருள் சந்தையாகப் பல பத்தாண்டுகள் நீடித்தது. நடிகராக விரும்பி வந்து, பிறகு மதுக்கூடங்கள் நடத்திப் பொருள் சேர்த்த ஹோண்டா கசுவோ 1982-இல் ஹோண்டா நாடக அரங்கைத் திறந்தார். அதைச் சுற்றிச் சிறு அரங்குகளும் இசைக்கூடங்களும் பழைய துணி விற்கும் கடைகளும் பெருகின. அகலமான சாலை இல்லாததும், நிலம் சிறு சிறு துண்டுகளாகப் பலர் கையில் இருந்ததும், வாடகையைத் தாழ்த்தியே வைத்திருந்தன. இளைஞர்கள் இங்கே வந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்தத் தாழ்ந்த வாடகை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ரயில்வே கேட்டில் தொடங்கியது. ஒடாக்யூ பாதை தரைமட்டத்திலேயே ஓடியது. காலை நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி கேட் மூடியே கிடக்கும். ரயிலுக்குள்ளும் நிலைமை மோசம். நெரிசல் நேரத்தில் பெட்டிகள் தம் கொள்ளளவில் 190 சதவீத அளவுக்கு நிரம்பி வந்தன. பாதையை இரண்டிலிருந்து நான்காக்கும் திட்டம் நகரத் திட்டத்தில் 1964-இலேயே பதிவாகிவிட்டது. அது முடிந்ததோ 2018-இல். இடையில் கடந்த ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஒரு தலைமுறைக் கடைக்காரர்களின் முழுத் தொழில் வாழ்க்கை. 'எப்படியும் இடிக்கத்தான் போகிறார்கள்' என்ற நினைப்பில் நில உரிமையாளர்கள் கட்டடங்களில் பணம் போடாமல் விட்டதும் வாடகை ஏறாமல் இருந்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே பாதையில் சற்று மேற்கே, உமேகாவோகாவுக்கு அப்பால், பாதையை மேம்பாலத்தில் ஏற்றினார்கள். அங்கே குடியிருந்தவர்கள், இரைச்சல் தாங்க முடியாது, நிலத்தடியில் கொண்டுபோங்கள் என்று வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பரில் ஜப்பானிய உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, திட்டத்தால் நேரடிப் பாதிப்புக்கு உள்ளாகும் அக்கம்பக்கத்தாருக்கும் வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது. அதுவரை நிலம் பறிபோனவருக்கு மட்டுமே இருந்த தகுதி அது. அடுத்த ஆண்டு, திட்டம் சட்டப்படி சரியானதே என்று கூறி அதே நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் தோற்றாலும், நகரத் திட்டம் பற்றிப் பேசும் உரிமையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெற்றுத் தந்தவர்கள் அவர்கள்.

ஷிமோகிதாசாவா பகுதியில் நிலத்தடியே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹிகாஷி-கிதாசாவா, ஷிமோகிதாசாவா, செதகாயா-தாய்தா ஆகிய மூன்று நிலையங்களும் கீழே இறங்க, சுமார் 2.2 கிலோமீட்டர் நீளத்தில் இருந்த 9 கேட்டுகள் ஒழிந்தன. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அதனுடன் ஒரு சாலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. தொடர்ச்சியாகப் பல கேட்டுகளை நீக்கும் இத்தகைய பணிகள் ஜப்பானில் சாலைப் பணிகளின் கணக்கில் வருபவை. செலவின் பெரும்பங்கைப் பொதுப்பணம் ஏற்கிறது, ரயில் நிறுவனத்தின் பங்கு சிறியது. அப்படிப் பணம் பெற வேண்டுமானால், பாதையை இரண்டு பெருஞ்சாலைகளாவது குறுக்கே கடக்க வேண்டும் என்பது விதி. 1946-இல் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்காகக் காகிதத்தில் கோடிடப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த 54-ஆம் துணைச் சாலை அப்போது எழுப்பப்பட்டது. நிலையத்தருகே அதன் அகலம் 26 மீட்டர், அதாவது 85 அடி. ஆள் நடக்கும் சந்துகளால் ஆன ஊரின் நடுவில் 85 அடிச் சாலை வந்தால், அதன் இருபுறமும் உயரமான கட்டடங்கள் எழ அனுமதி கிடைக்கும். சந்துகள் தாமாகவே மறையும். இதை எதிர்த்து 2003-இல் கடைக்காரர்களும் இசைக்கலைஞர்களும் குடியிருப்பவர்களும் ஓர் இயக்கம் கண்டனர். 2006-இல் வழக்கும் தொடுத்தனர். 2011-இல், அத்தகைய குரல்களைக் கேட்கும் மனநிலை கொண்ட ஹோசாகா நோபுடோ செதகாயா வட்டத்தின் மேயரானார். 2016-இல் வழக்கு முடிவுக்கு வந்தபோது, நிலையத்தருகே உள்ள முதல் கட்டச் சாலையும் சதுக்கமும் கட்டப்படுவது உறுதியாகியிருந்தது; அடுத்த கட்டங்கள் முன்னுரிமையை இழந்திருந்தன. எதிர்ப்பாளர்களுக்கு முழு வெற்றி இல்லை. ஆனாலும் அந்தப் பத்தாண்டுத் தாமதத்தில் ரயில் நிறுவனமும் வட்ட நிர்வாகமும் குடியிருப்பவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசப் பழகின. பிறகு வந்த நல்லவற்றுக்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தச் சண்டையைச் சொல்லாமல் கடைகளின் அழகை மட்டும் எழுதும் கட்டுரைகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

2013 மார்ச் 22-ஆம் தேதி கடைசி ரயில் போன பிறகு வேலை தொடங்கி, மறுநாள் காலை முதல் ரயிலை நிலத்தடியில் ஓட்டினார்கள். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மார்ச் 16 அன்று, சில கிலோமீட்டர் தள்ளி ஷிபுயாவில் டோக்யூ நிறுவனத்தின் டோயோகோ பாதையும் இதேபோல் ஒரே இரவில் நிலத்தடிக்கு மாறியது. ஒரே மாதத்தில், ஒரே நகரத்தில், இரண்டு ரயில் நிறுவனங்களுக்கு, தண்டவாளம் போன பின் மேலே நிலம் மிஞ்சியது. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு கிடைக்காது.

டோக்யூ தன் பழைய நிலையமும் பாதையும் இருந்த இடத்தில் ஷிபுயா ஸ்ட்ரீம் என்ற 35 மாடி, 180 மீட்டர் உயரக் கட்டடத்தை எழுப்பி 2018 செப்டம்பரில் திறந்தது. அதன் அலுவலகத் தளங்களுக்குக் கூகுள் நிறுவனத்தின் ஜப்பான் தலைமையகம் வந்தது. அங்கே நிலத்தின் விலை அப்படி. வேறு முடிவை அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். அதே டோக்யூ, அதே பாதையில் தாய்கான்யாமா பக்கம் மிஞ்சிய ஒடுங்கிய துண்டில், மரக் குடில் போன்ற ஐந்து சிறு கட்டடங்களைக் கட்டி 2015-இல் திறந்தது. ஒரே நிறுவனம், ஒரே பாதை, ஒரு நிலையத் தூரம். எனவே நிறுவனத்தின் நல்லெண்ணம் பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, நிலத்தின் வடிவத்தையும் அதன் மீதுள்ள விதிகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஷிமோகிதாசாவாவில் ஒடாக்யூ நிறுவனத்துக்கு மிஞ்சியது சுமார் 1.7 கிலோமீட்டர் நீளமும் மொத்தம் 27,500 சதுர மீட்டர் பரப்பும் கொண்ட நிலம். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 6.8. நீளத்தால் வகுத்தால் சராசரி அகலம் 16 மீட்டர்தான் வரும். ஒரு பெரிய வணிக வளாகத்துக்குத் தேவையான அகலம் இல்லை. கீழே சுரங்கம் ஓடுவதால் மேலே ஏற்றக்கூடிய எடைக்கும் வரம்பு உண்டு. விரைவு ரயில்கள் ஆழமான சுரங்கத்திலும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்கள் அதற்கு மேல் ஆழம் குறைந்த சுரங்கத்திலும் ஓடுகின்றன. மேல் சுரங்கத்தை நிலத்தைத் திறந்து தோண்டிக் கட்டிய பிறகு, 2018 மார்ச்சில்தான் நான்கு பாதைகளும் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தன. நிலத்தின் ஒரு பகுதி நடைபாதை, சிறு சதுக்கம், பசுமை ஆகியவற்றுக்காக வட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் போனது. மிச்சத்தில் சில பகுதிகள், கடைகளுக்கே இடம் தராத தாழ்மாடிக் குடியிருப்பு வகைப்பாட்டில் இருந்தன.

இந்தக் கடைசி விதியிலிருந்துதான் போனஸ் டிராக் என்ற சிறு கடைத்தொகுதி பிறந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாழ்மாடிக் குடியிருப்புப் பகுதியில் தனிக் கடை கட்ட ஜப்பானியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு விலக்கு உண்டு: கடையின் பரப்பு 50 சதுர மீட்டருக்கு மிகாமலும், கட்டடத்தின் பாதிக்குக் குறைவாகவும் இருந்தால் போதும். பழைய காலத்துத் தையற்கடையும் சிற்றுண்டிக் கடையும் குடியிருப்புத் தெருக்களில் நீடிக்கட்டும் என்று வைத்த விலக்கு அது. பெரிய ரயில் நிறுவனங்கள் இதைத் தடையாகத்தான் பார்க்கும். இங்கே அதையே வடிவமாக எடுத்துக்கொண்டார்கள்: கீழே கடை, மேலே கடைக்காரரின் வீடு என்ற இரண்டு மாடிக் கட்டடங்கள் நான்கு, அவற்றோடு வணிகக் கட்டடம் ஒன்று, நடுவே பொது முற்றம். வடிவமைத்தவர்கள் ட்சுபாமே கட்டடக் கலைஞர்கள்.

அடுத்து வந்தது வாடகை. நடைமுறையில் இத்தகைய திட்டங்களில் முதலில் கட்டடச் செலவைக் கணக்கிடுவார்கள். எத்தனை ஆண்டுகளில் அது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அதிலிருந்து வாடகை வரும். அந்த வாடகையைத் தரக்கூடியவரைத் தேடுவார்கள். அப்படித் தேடினால் நாடெங்கும் கிளை வைத்திருக்கும் காபிக் கடையும் மருந்துக் கடையும் கைபேசிக் கடையும்தான் கிடைக்கும். ஒவ்வொரு ரயில் நிலையத்தின் வாசலிலும் ஒரே பெயர்ப் பலகைகள் தெரிவதற்கு இதுவே காரணம். போனஸ் டிராக்கில் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவர், வங்கிக் கடனில் மூழ்காமல், கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு தர முடியும் என்று முதலில் கேட்டனர். கீழே 5 ட்சுபோ (ஜப்பானியப் பரப்பளவு), மேலே 5 ட்சுபோ, மொத்தம் 10 ட்சுபோ, அதாவது சுமார் 355 சதுர அடிக்கு மாதம் 1,50,000 யென் என்பது அதற்குக் கிடைத்த விடை. அந்தத் தொகைக்குள் அடங்கும்படி கட்டடம் வரையப்பட்டது. மரக் கட்டடமாக, மின்தூக்கி இல்லாமல், சிறிதாக அது அமைந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

மூன்றாவது, குத்தகை ஏற்பாடு. ஒவ்வொரு கடைக்காரரையும் ரயில் நிறுவனமே தேடி, தேர்ந்தெடுத்து, வாடகை வசூலிக்கவில்லை. ஷிமோகிதாசாவாவில் 2012 முதல் பி அண்ட் பி என்ற புத்தகக் கடையை நடத்திவந்த உச்சினுமா ஷிந்தாரோவும் இன்னொருவரும் சேர்ந்து தொடங்கிய சான்போஷா என்ற சிறு நிறுவனம் இடத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, கடைக்காரர்களுக்கு உள்குத்தகைக்கு விட்டது. புத்தகக் கடையும் அங்கேயே இடம் மாறியது. நொதித்த உணவுப் பொருள்களுக்கென்று ஒரு கடை, நாட்குறிப்புகளுக்கென்றே ஒரு கடை என்று, வணிக வளாகத்தின் குத்தகைக் குழு ஒருபோதும் அனுமதிக்காத கடைகள் அங்கே வந்தன. வந்தவர்கள் வெளிப்புறத்தையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். நிழற்கூரை போடலாம், இருக்கை வைக்கலாம். நில உரிமையாளர் கவலைப்படும் வேலைகளை எல்லாம் நடுவில் உள்ளவர் பார்த்துக்கொண்டார். வாடகையைக் குறைத்த நிறுவனத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதியை நடுவில் நின்ற இவருக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. உச்சினுமா அந்த ஊரிலேயே கடை நடத்திவந்தவர். ஆள் தெரிவதற்கும் சண்டை தீர்ப்பதற்கும் அது தேவைப்பட்டது.

போனஸ் டிராக் 2020 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, டோக்கியோவில் பெருந்தொற்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புதிதாகத் திறந்த எந்த வணிக இடத்துக்கும் இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. திறந்த முற்றமும், கடைக்காரர் மேலேயே குடியிருந்ததும், சுமக்கக்கூடிய வாடகையும் அதைத் தாங்கின.

மீதி நிலத்தில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒடாக்யூவின் 13 இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து 2022 மே மாதம் முழுமையடைந்தன. வாடகைக் குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், மாணவர்களும் இளம் ஊழியர்களும் சேர்ந்து தங்கும் விடுதி, ஹாகோனேயிலிருந்து வெந்நீர் ஊற்று நீரைக் கொண்டுவந்து குளிக்கத் தரும் தங்குமிடம், ஒரு சிறு திரையரங்கு, வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியதுபோன்ற ரீலோட் என்ற கடைத்தொகுதி ஆகியவை அவற்றுள் சில. வழியெங்கும் உள்ள செடிகளை, அப்பகுதி மக்களே சேர்ந்த ஒரு தோட்டக் குழு பராமரிக்கிறது. ஒப்பந்தக்காரர் வெட்டும் ஒரே உயரப் புதர்களுக்குப் பதிலாக அங்கே பூக்களும் மூலிகைகளும் காட்டுப்புல்லும் கலந்து வளர்கின்றன. இவற்றில் சில இடங்கள் எளியவருக்கானவை அல்ல. வெந்நீர்த் தங்குமிடத்தின் கட்டணமும் ரீலோட் கடைகளின் விலைகளும் அதைச் சொல்லும். ஒரே நில உரிமையாளர் கையில் 1.7 கிலோமீட்டர் இருந்ததால், ஓரிடத்தில் கூடுதலாகச் சம்பாதித்து இன்னோரிடத்தில் குறைவாக வாங்க முடிந்தது. நிலம் நாற்பது பேருக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இனி நடக்காதவற்றைச் சொல்ல வேண்டும். வடக்கு வாசலின் பழைய உணவுச் சந்தை, சதுக்கத்துக்காக 2010-களின் பிற்பகுதியில் முற்றிலுமாக இடிக்கப்பட்டது. அதில் இருந்தவர்களுக்காக யாரும் வாடகையைத் தலைகீழாகக் கணக்கிடவில்லை. பாதையின் மேல் உள்ள 16 மீட்டர் அகல நிலத்துக்கு வெளியே உள்ள தெருக்கள் தனியாருடையவை. அங்கே பாதை மறைந்ததும், கேட் இல்லாததும், புதிய கடைகளுக்கு வந்த பெயரும் சேர்ந்து வாடகையை ஏற்றின. பழைய மதுக்கூடமோ காய்கறிக் கடையோ மூடினால் அந்த இடத்தில் இன்னொரு பழைய துணிக் கடை வருவது வழக்கமாயிற்று, ஏனெனில் அந்த வாடகையைத் தரும் லாபம் அந்தத் தொழிலில்தான் இருந்தது. ஒரு காலத்தில் ஊரின் அடையாளமாக இருந்த தொழில் இப்போது மற்றத் தொழில்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அங்கே குறைபட்டுக்கொள்வதும் உண்டு.

இதில் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. ஜப்பானில் நெடுங்காலமாக வாடகைதாரருக்கு வலுவான பாதுகாப்பு இருந்தது; 1941 முதல், நியாயமான காரணம் காட்டாமல் வீட்டு உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. இது வீடுகளுக்கு மட்டுமின்றிக் கடைகளுக்கும் பொருந்தும். ஆனால் 2000 மார்ச் முதல், காலம் முடிந்தவுடன் தானாக முடிந்துவிடும் குத்தகை முறை சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு புதிதாகக் கடை எடுப்பவர்கள் பலரும் இந்த முறையில்தான் கையெழுத்திடுகிறார்கள். ஐந்து ஆண்டு முடிந்து உரிமையாளர் வேறொருவருக்குக் கொடுக்க விரும்பினால் அவரைத் தடுக்க ஏதுமில்லை. ஆகவே ஒரு கடைக்காரர் ஊரில் நிலைப்பாரா என்பது, அவர் எந்த ஆண்டில், எந்த வகைக் குத்தகையில் நுழைந்தார் என்பதைப் பொறுத்தது. குறைந்த வாடகையைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் குத்தகைக் காலத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஒடாக்யூ ஏன் குறைந்த வாடகைக்குச் சம்மதித்தது என்பதற்கும் உணர்ச்சியற்ற விடை ஒன்று உண்டு. ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்கள் தொடக்கத்திலிருந்தே நிலத்தில் சம்பாதித்தவை. ஓசாகா பக்கம் கோபாயாஷி இச்சிசோ 1910-இல் பாதை திறந்த கையோடு இகேதாவில் வீடுகளைத் தவணை முறையில் விற்றார். 1929-இல் உமேதா நிலையத்தில் பல்பொருள் அங்காடி திறந்தார். பாதையில் குடியேறுபவர் காலையில் பயணச்சீட்டு வாங்குவார், மாலையில் அங்காடியில் செலவிடுவார் என்பது அந்தக் கணக்கு. மக்கள்தொகை குறையும் இன்றைய ஜப்பானில் அதே கணக்கு வேறு உருவம் எடுத்திருக்கிறது: இளைஞர்கள் குடியிருக்க விரும்பும் பாதையாகத் தன் பாதை இருக்க வேண்டும். சில கடைகளின் வாடகையில் விட்டுக்கொடுத்தால், பாதை முழுவதிலும் பயணிகளைத் தக்கவைக்கலாம். கூடவே, சுரங்கத்தின் செலவில் பெரும்பங்கு பொதுப்பணம். பாதையை நான்காக்கிய செலவின் ஒரு பகுதிக்கு 1986-இன் சட்டப்படி பயணிகள் கட்டணத்தில் முன்கூட்டியே சேர்க்கப்பட்ட தொகை உதவியது. மேலே கிடைத்த நிலத்துக்கு நிறுவனம் புதிதாக விலை கொடுக்கவில்லை. சந்தை விலைக்கு ஏலத்தில் நிலம் எடுத்த ஒரு கட்டுமான நிறுவனத்திடம் 355 சதுர அடிக்கு இந்த வாடகையைக் கேட்டால் அது சிரிக்கும். அதன் சிரிப்பில் தவறும் இல்லை.

ஹாங்காங் மறுமுனையில் இருக்கிறது. அங்கே ரயில் நிறுவனத்துக்கு, நிலையம் வருவதற்கு முந்தைய மதிப்பில் அரசு நில உரிமை தருகிறது. நிலையம் வந்த பின் ஏறும் மதிப்பைக் கட்டடமாக்கி, ரயில் பாதையின் செலவையே நிறுவனம் ஈடுகட்டுகிறது. 1980-களின் தொடக்கத்தில் கவுலூன் பே பணிமனையின் மேல் கட்டப்பட்ட டெல்ஃபோர்டு கார்டன்ஸ் 41 அடுக்குமாடிக் கட்டடங்களும் ஒரு பேரங்காடியும் கொண்டது. ஆயிரக்கணக்கானோருக்கு நிலையத்தின் மேலேயே வீடு கிடைத்தது என்பது உண்மை. அந்தப் பேரங்காடியில் நாட்குறிப்புக் கடைக்கு இடம் இல்லை என்பதும் உண்மை. வீடுகளின் எண்ணிக்கைதான் உங்கள் ஊரின் முதல் தேவை என்றால், ஷிமோகிதாசாவா உங்களுக்கு முன்மாதிரி ஆகாது. ஏறத்தாழ ஏழு ஏக்கரில் அங்கே குடியேறியவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. இதை அதன் ரசிகர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பாதை மேம்பாலத்தில் போனால் நிலம் தூண்களுக்கிடையே துண்டுகளாகக் கிடைக்கிறது. வெளிச்சம் குறைவு, மேலே இரைச்சல், அதிர்வு. நிலநடுக்கத்துக்காகத் தூண்களை வலுப்படுத்தும்போது கடைக்காரர்களை வெளியேற்றவும் நேரும். வீடு கட்ட அது ஏற்ற இடமல்ல. கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பு அங்கே எடுபடாது. ஆனால் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் மேம்பாலத்தின் அடிப்பகுதி பழைய நண்பன். ஷிமோகிதாசாவாவிலேயே, இனோகாஷிரா பாதையின் மேம்பாலத்தின் கீழ், அந்தப் பாதையை நடத்தும் கெய்யோ நிறுவனம் 2022 மார்ச்சில் மிகான் என்ற உணவகத் தொகுதியைத் திறந்தது. அதில் வட்ட நூலகத்தின் புத்தகம் பெறும் முகப்பும் உண்டு. அகிஹாபாராவுக்கும் ஒகாச்சிமாச்சிக்கும் இடையே ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாதையின் கீழ் 2010 டிசம்பரில் திறக்கப்பட்ட இடம் இன்னும் பொருத்தமான உதாரணம். தோல் வேலை, நகை, மரவேலை செய்யும் கைவினைஞர்கள் கடையிலேயே செய்து அங்கேயே விற்கும்படி அது அமைக்கப்பட்டது. சுத்தியல் சத்தமும் தோலின் வாடையும் ரயிலின் இரைச்சலுக்குள் யாருக்கும் தொந்தரவாகவில்லை. அந்தப் பகுதியில் ஏற்கனவே இத்தகைய தொழில்கள் இருந்ததால் ஆள்களும் கிடைத்தார்கள்.

எனவே உங்கள் பகுதியில் மேம்பாலம்தான் வரப்போகிறது என்றால், திட்டம் முடிந்த பிறகு கடை கேட்டுப் போகாதீர்கள். தூண்களுக்கிடையே உள்ள இடைவெளி, தண்ணீரும் கழிவுநீரும் வரும் இடம், மின்சார இணைப்பின் அளவு ஆகியவை வரைபட நிலையிலேயே முடிவாகிவிடுகின்றன; 150 சதுர அடிக் கடைக்குத் தனி இணைப்பு வைக்காத மேம்பாலத்தின் கீழ், பிறகு சிறு கடையே வர முடியாது. அப்போதே வாடகைத் தொகை, குத்தகைக் காலம், மொத்தக் குத்தகையை யார் எடுக்கப்போகிறார் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இடிபடப்போகும் கடைகளில் இப்போது இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.